மலையடிச்சேனையின் முதற்கல்

மலையடிச்சேனைக்கு வருகிறவர்கள் முதலில் மலையைப் பார்ப்பதில்லை. வாசற்படிகளைத்தான் பார்ப்பார்கள்.

தகரக் கூரை வீடோ மாடி வீடோ, எந்த வீடென்றாலும் வாசலில் ஒரு கருங்கல் படுத்திருக்கும். சாதாரணக் கல்லில்லை. நாலு பேர் சேர்ந்தாலும் அசைக்க முடியாத கல். அந்த ஊரில் கல் உடைக்கப் போகிறவர் தன் கையால் உடைத்த முதல் கல்லை விற்க மாட்டார். வீட்டுக்குக் கொண்டுவந்து வாசற்படியாகப் போட்டுவிடுவார். அப்புறம்தான் மற்றக் கற்கள் லொறி ஏறி கல்முனைக்கும் சாய்ந்தமருதுக்கும் போகும்.

மலை எங்கே என்று கேட்கிறீர்களா? ஊருக்குப் பின்னால், கடித்து வைத்த கொய்யாப்பழம் மாதிரி, ஒரு பக்கம் குறைந்துபோய் நிற்கிறது. குறைந்த பக்கமெல்லாம் யார் யார் வீட்டுக்கோ அத்திவாரமாகிவிட்டது.

இந்த ஊரில் ஸில்மியா என்றொரு பிள்ளை இருக்கிறாள். தரம் ஆறு படிக்கிறாள். அவளுக்குக் கதைக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டிய தேவை யாருக்கும் வந்ததில்லை. நிறுத்தச் சொல்லித்தான் எல்லோருக்கும் வாய் வலித்திருக்கிறது.

அதனால்தான் பாடசாலையில் புதிய வாசிகசாலை திறக்கப்போகிறார்கள் என்றதும் ஜுனைதா டீச்சர் நேரே அவளிடம் வந்தார்.

"ஸில்மியா, சனிக்கிழமை விழா. கல்முனையிலிருந்து பெரியாக்கள் வாறாங்க. 'எங்கள் ஊரின் வரலாறு' எண்டு நீங்கதான் பேசணும்."

"ஓம் டீச்சர்! எவ்வளவு நேரம் பேசலாம்?"

"கேக்கிறவங்க எழும்பிப் போக முந்தி முடிச்சாச் சரி" என்றார் டீச்சர்.

அன்று பின்னேரமே ஸில்மியா தன் வீட்டு வாசற்படியில் ஏறி நின்றாள். கையில் அகப்பைதான் மைக். கேட்பதற்கு ஒரே ஒரு ஆள். எதிர் வீட்டு ஸுஹைறா.

ஸில்மியாவும் ஸுஹைறாவும் நடக்கப் பழகிய காலத்திலிருந்தே கூட்டாளிகள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு மணல் ஒழுங்கைதான். இவர்களுடைய வாப்பாமார் முனாப்பும் ஸலாஹுதீனும் கல்மலையில் ஒன்றாக வேலை செய்பவர்கள். ஒரே பிளாஸ்கில் தேத்தண்ணி குடிப்பவர்கள்.

"சபையோர்களே!" என்று தொடங்கினாள் ஸில்மியா. "அக்காலத்தில் இங்கே ஊரில்லை. காடும் மலையும்தான். சாய்ந்தமருதுக் கடற்கரையிலிருந்து சில குடும்பங்கள் பிழைப்புத் தேடி வந்தன."

ஸுஹைறா கைதட்டினாள்.

"அவர்கள் மலையை உடைத்தார்கள். வீடு கட்டினார்கள். கிணறு வெட்டினார்கள். மலையில் முதற்கல்லை உடைத்த வீரர், எனது வாப்பாவின் வாப்பா, மூத்தாப்பா மீராமுகைதீன் அவர்கள்!"

கைதட்டல் நின்றது.

"பொய்" என்றாள் ஸுஹைறா. "முதல் கல்ல உடைச்சது என்ட மூத்தாப்பா. முகம்மது தம்பி."

"உனக்கு ஆர் சொன்னது?"

"வாப்பா சொன்னவர். எங்கட வாசல்ல கிடக்கிறதுதான் இந்த ஊர்ட முதல் கல்லு."

"அப்ப எங்கட வாசல்ல கிடக்கிறது என்னடி? பிட்டுக் கட்டியா?"

ஸுஹைறா எழும்பிப் போய்விட்டாள். கதவும் டபாரென்று சாத்தப்பட்டது.

பிள்ளைகளின் சண்டை, விடிந்தால் சரியாகிவிடும் என்றுதானே நினைப்பீர்கள்? சரியாகியிருக்கும். ஆனால் விடிவதற்குள் பெரியவர்கள் அதைக் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

"என்ட வாப்பா உடைச்ச கல்லப் பிட்டுக் கட்டியோட சேத்துக் கதைச்சிட்டாங்களா?" என்று முனாப் குதித்தார். அப்படிக் கதைத்தது சொந்த மகள்தான் என்பதைச் சொல்ல யாருக்கும் துணிவு வரவில்லை.

"மீராமுகைதீன்ட பேர மேடையில சொன்னா எங்கட ஆக்கள் விழாவுக்கு வர மாட்டம்" என்றார் எதிர் வீட்டு ஸலாஹுதீன்.

"முகம்மது தம்பிட பேரச் சொன்னா நாங்க வர மாட்டம்" என்றார் முனாப்.

ஊர் இரண்டாகியது. தேத்தண்ணிக் கடையில் இரண்டு பக்கமும் வேறு வேறு வாங்கில் உட்கார்ந்தார்கள். பிள்ளைகளின் கிரிக்கெட்டும் நின்றுபோனது. பந்து ஒரு கட்சியிடமும் மட்டை மறு கட்சியிடமும் அகப்பட்டிருந்தால் எப்படி விளையாடுவது? கல்மலையில் முனாப் ஒரு மூலையில் வேலை செய்தார், ஸலாஹுதீன் மறு மூலையில். பிளாஸ்க் இரண்டாகியது.

ஸுஹைறா பாடசாலைக்கு வேறு ஒழுங்கையால் சுற்றிப் போனாள். வகுப்பில் ஸில்மியாவுக்குப் பக்கத்திலிருந்த கதிரை வெறுமையாகக் கிடந்தது. ஸில்மியாவுக்கு முதல் தடவையாகப் பேசுவதற்கு ஒன்றுமில்லை.

ஜுனைதா டீச்சர் கூப்பிட்டார்.

"பாதி ஊர் வராத விழாவுல ஊர் வரலாறு என்னத்துக்கு மகள்? வியாழக்கிழமைக்குள்ள ஒரு வழி பாருங்க. இல்லாட்டிப் பேச்ச விட்டுட்டு, குர்ஆன் கிறாஅத் ஓதி, தேத்தண்ணியக் குடுத்து முடிச்சிருவம்."

ஸில்மியா ஒரு வழி பார்த்தாள். பேச்சைத் திருத்தினாள். வீட்டு வாசலில் நின்று, இரண்டு வீட்டுக்கும் கேட்கும்படி சத்தமாக வாசித்தாள்.

"மலையில் முதற்கல்லை யாரோ ஒருவர் உடைத்தார்."

"ஆரோவா?" என்று உள்ளிருந்து வந்தார் முனாப். "என்ட வாப்பாவுக்குப் பேரில்லையா?"

"ஆரோவாம் ஆரோ!" என்றது எதிர் வீட்டு ஜன்னல்.

இரண்டு வீடும் ஒரு விடயத்தில் மட்டும் ஒத்துப்போயின. ஸில்மியாவின் புதிய பேச்சு படு மோசம்.

"இஞ்ச பாருங்க மகள்" என்றார் முனாப், குரலைத் தணித்து. "மைக் உங்கட கையிலதானே இரிக்கப் போகுது? துணிஞ்சு எங்கட பேரச் சொல்லுங்க. ஆரு வந்து தடுக்கிறது?"

உண்மைதான். யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் மைக் கையில் இருந்தால் சொன்னதெல்லாம் உண்மையாகிவிடுமா? ஸுஹைறா மேடைக்குக் கீழே உட்கார்ந்திருப்பாளா, இல்லை, வராமலே இருந்துவிடுவாளா? நினைக்கவே ஸில்மியாவுக்குப் பிடிக்கவில்லை.

"இல்ல வாப்பா" என்றாள். "எனக்குத் தெரியாதத நான் சொல்ல மாட்டன். தெரிஞ்சுகிட்டுச் சொல்றன்."

அடுத்த நாள் பாடசாலை விட்டு வந்தவள் வாசற்படியில் குந்திக்கொண்டாள். விரல்கள் தம்பாட்டுக்குக் கல்லின் முன்பக்கத்தைத் தடவின. அங்கே மேலிருந்து கீழாகக் குழிந்த சில தவாளிப்புகள். ஒவ்வொன்றும் குழாயை நெடுக்காகப் பிளந்து பதித்தது மாதிரி. சின்ன வயதிலிருந்தே அதில் எறும்பு ஓடுவதைத்தான் பார்த்திருக்கிறாள். அது என்னவென்று அவளுக்குத் தெரியும். மலையடிச்சேனைப் பிள்ளைக்குத் தெரியாமல் இருக்குமா?

பெரிய பாறையைப் பிளக்க வேண்டுமென்றால் முதலில் வரிசையாகத் துளை போடுவார்கள். ஒவ்வொரு துளையிலும் இரும்பு ஆப்பை இறக்கி அடிப்பார்கள். பாறை துளை வரிசையோடு பிளந்து இரண்டாகும். துளையும் இரண்டாகும். ஒரு பாதி இந்தக் கல்லில், மறு பாதி அந்தக் கல்லில்.

"அப்ப மறு பாதி எங்க?" என்று ஸில்மியா வாய்விட்டே கேட்டாள்.

தலை நிமிர்ந்தாள். எதிரே ஸுஹைறா வீட்டு வாசற்படி. அதன் முன்பக்கத்திலும் தவாளிப்புகள் தெரிந்தன.

ஸில்மியா குசினிக்குள் ஓடினாள். உம்மா அஸீஸா ரொட்டிக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தார்.

"உம்மா, கொஞ்சம் ரொட்டி மா தாங்க."

"என்னத்துக்கு?"

"வரலாறு எழுத."

"வரலாறு எழுதக் கொப்பி கேக்கிற புள்ளையக் கண்டிரிக்கன்" என்றார் உம்மா. "ரொட்டி மாக் கேக்கிற புள்ளைய இப்பதான் காணுறன். இந்தா, கொண்டு போ."

ஒரு நீளப் பலகையில் ஸில்மியா மாவைத் தடிப்பாக அப்பினாள். ஒட்டாமல் இருக்க உலர்ந்த மாவைத் தூவினாள். பிறகு பலகையைக் கல்லின் முன்பக்கத்தில் வைத்து, காலால் முட்டுக் கொடுத்து அழுத்தினாள். மெல்ல எடுத்துப் பார்த்தால், கல்லில் பள்ளம் இருந்த இடத்திலெல்லாம் மாவில் மேடு. சில மேடுகள் நெருக்கமாக இருந்தன. ஓரிடத்தில் பெரிய இடைவெளி. ஒரு மேடு மட்டும் மற்றவற்றை விட அகலமாக இருந்தது.

"மாஷா அல்லாஹ்!" என்றாள், தன்னைத் தானே மெச்சிக்கொண்டு.

பலகையைக் காயவைத்துவிட்டுக் கை கழுவப் போனாள். திரும்பி வந்தால் கோழி வரலாற்றைக் கொத்திக்கொண்டிருந்தது.

"அஸ்பாக்! கோழியப் பிடி!"

தம்பி அஸ்பாக் கோழியைத் துரத்த, கோழி அஸ்பாக்கைத் துரத்த, பெரிய அமளியாகிவிட்டது. மறுபடி மா அப்பி, மறுபடி அழுத்தி, இந்த முறை பலகையைக் கையிலேயே ஏந்திக்கொண்டு ஸில்மியா ஒழுங்கையைக் கடந்தாள். எதிர் வீட்டுக்குப் போகக் கூடாதென்று யாரும் சொன்னதில்லை. போக யாருக்கும் துணிவில்லை, அவ்வளவுதான்.

அவள் குனிந்து பலகையைப் படியில் வைக்கவும் கதவு திறக்கவும் சரியாக இருந்தது.

"எங்கட வாசல்ல என்னடி செய்றாய்?" என்றாள் ஸுஹைறா.

"உன்ட கல்லுக்கு ரொட்டி ஊட்டுறன்."

ஸுஹைறாவுக்குச் சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்து விழுங்கிக்கொண்டாள். ஸில்மியா விடயத்தைச் சொன்னாள். ஸுஹைறா கைகளைக் கட்டிக்கொண்டு கேட்டாள்.

"சரி, வச்சுப் பாப்பம். பொருந்தாட்டி?"

"பொருந்தாட்டி உன்ட மூத்தாப்பாட பேரையே சொல்றன்."

பலகையை அழுத்தினார்கள். பொருந்தவில்லை. மேடு இருந்த இடத்தில் பள்ளமில்லை, பள்ளம் இருந்த இடத்தில் மேடில்லை. பெரிய இடைவெளி பலகையில் இடது பக்கம் இருந்தது, கல்லில் வலது பக்கம் இருந்தது.

"பாத்தியா?" என்றாள் ஸுஹைறா. ஆனால் அவள் முகத்தில் சந்தோஷத்தைக் காணோம். அவளும் பொருந்த வேண்டுமென்றுதான் உள்ளுக்குள் ஆசைப்பட்டிருந்தாள்.

ஸில்மியா லேசில் விடுகிற ஆளில்லை. பலகையைப் பார்த்தாள். கல்லைப் பார்த்தாள். ஸுஹைறாவைப் பார்த்தாள்.

"கையத் தூக்கு" என்றாள்.

"என்னத்துக்கு?"

"கைதட்டி விளையாடுறமே, அப்பிடித் தூக்கு."

இரண்டு பேரும் எதிரெதிரே நின்று உள்ளங்கைகளைச் சேர்த்தார்கள்.

"என்ட வலது கை உன்ட எந்தக் கையில படுது?"

"இடது கையில" என்ற ஸுஹைறாவின் கண்கள் விரிந்தன. "அடியே! ரெண்டு பாதியும் முகத்துக்கு முகம் பாத்துத்தானே இருந்திரிக்கும்! பலகையத் திருப்பு, திருப்பு!"

பலகையின் இந்த முனையை அந்தப் பக்கமாக்கித் திருப்பி வைத்தார்கள். ஒவ்வொரு மேடும் ஒவ்வொரு பள்ளத்தில் போய் இறங்கியது. நெருக்கமானவை நெருக்கமானவற்றில். பெரிய இடைவெளி பெரிய இடைவெளியில். அகன்ற மேடு அகன்ற பள்ளத்தில்.

இரண்டு பேரும் போட்ட கூச்சலில் கோழிகள் எல்லாம் வேலிக்கு அப்பால் பறந்தன. ஸுஹைறா ஸில்மியாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். மாவெல்லாம் சட்டையில் ஒட்டிக்கொண்டது.

வேலை முடிந்து வாப்பாமார் வந்தார்கள். வந்ததும் வராததுமாகப் பிள்ளைகள் அவர்களைப் பிடித்து இழுத்து, பலகையை இந்தக் கல்லிலும் அந்தக் கல்லிலும் வைத்துக் காட்டினார்கள். ஒழுங்கையில் கூட்டம் கூடிவிட்டது.

முனாப் பலகையை உற்றுப் பார்த்தார். ஸலாஹுதீன் அகன்ற பள்ளத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தார். கல் வேலைக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஒரே பாறையின் இரண்டு பாதிகள்தான். அதில் சந்தேகமே கிடையாது.

"சரி" என்றார் ஸலாஹுதீன் தொண்டையைச் செருமி. "கல்லு ஒண்டுதான். ஆனா அதுக்குத் துளை போட்டுப் பிளந்தது என்ட வாப்பா. பாதிய இரக்கப்பட்டுக் குடுத்திருப்பாரு."

"இரக்கப்பட்டா?" என்றார் முனாப். "என்ட வாப்பாதான் துளை போட்டவர்! பாதிய உங்களுக்குக் குடுத்ததும் அவர்தான்!"

யா அல்லாஹ்! மறுபடி தொடங்கிவிட்டது. ஸுஹைறா தலையில் கை வைத்துக்கொண்டாள். ஸில்மியா மட்டும் அசையவில்லை. வீட்டுக்குள் போய், வாப்பாவின் நீள உளியையும் பெரிய சம்மட்டியையும் இழுத்துக்கொண்டு வந்தாள். சம்மட்டியை அவளால் தூக்க முடியவில்லை. மண்ணில் கோடு விழுந்தது.

"வாப்பா, தனிய ஒரு துளை போட்டுக் காட்டுங்க."

"இதென்ன பெரிய வேலையா?" என்று முனாப் சம்மட்டியை இரண்டு கையாலும் ஓங்கினார்.

ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றது. உளி தரையில் கிடந்தது. அதை யார் பிடிப்பது?

"காலால பிடிங்க வாப்பா!" என்றான் அஸ்பாக்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. முனாப்புக்குக் காது சிவந்துபோனது. இப்போது துளை போட மெசின் வந்துவிட்டது. அந்தக் காலத்தில் ஏது மெசின்? ஒருவர் உளியைப் பிடிக்க வேண்டும், ஒருவர் சம்மட்டியால் அடிக்க வேண்டும். தனி ஆளாக யாரும் அந்தப் பாறைக்குத் துளை போட்டிருக்கவே முடியாது. இது அந்த ஊரில் அஸ்பாக்குக்கும் தெரியும். அஸ்பாக்கின் கோழிக்கும் தெரிந்திருக்கலாம். வாழ்நாளெல்லாம் கல் உடைத்த இரண்டு பேர்தான் கோபத்தில் மறந்துபோனார்கள்.

ஸலாஹுதீன் வந்து முழங்காலில் குந்தினார். இரண்டு கையாலும் உளியைப் பிடித்துக் கல்லின் மேல் நிறுத்தினார்.

கல்மலையில் ஒரு வழக்கம் உண்டு. மனஸ்தாபப்பட்ட இரண்டு பேர் ஒரு உளிக்குச் சேர மாட்டார்கள். சேர்ந்தால், முதல் அடிக்கு முன் ஒருவருக்கொருவர் ஸலாம் சொல்லியாக வேண்டும். கோபத்தோடு ஓங்கிய சம்மட்டிக்குக் கீழே யார்தான் கையை நீட்டுவார்கள்?

ஸலாஹுதீன் நிமிர்ந்து முனாப்பைப் பார்த்தார்.

"அஸ்ஸலாமு அலைக்கும் மச்சான்."

முனாப்பின் கண் கலங்கியது. அதை அவர் மறைக்கவுமில்லை.

"வஅலைக்குமுஸ் ஸலாம்" என்றார். "கையக் கவனமாப் பிடி மச்சான்."

டங்கென்று ஓர் அடி. ஒழுங்கை முழுக்க அந்தச் சத்தம் போனது.

"உளி பிடிச்சது உன்ட வாப்பாவாத்தான் இரிக்கும்" என்றார் முனாப், சம்மட்டியைக் கீழே வைத்து. "அதுக்குத்தான் நெஞ்சுரம் கூட வேணும்."

"இல்ல மச்சான், உன்ட வாப்பாதான் பிடிச்சிருப்பாரு" என்றார் ஸலாஹுதீன்.

"நான் சொல்றன், உன்ட வாப்பாதான்!"

"அல்லாஹ்வே" என்று முணுமுணுத்த அஸீஸா உம்மா எல்லோருக்கும் ரொட்டி சுடப் போனார். மாவில் பாதிதான் மிச்சமிருந்தது. ஆனாலும் எல்லோருக்கும் போதும்படி சுட்டார்.

சனிக்கிழமை முழு ஊரும் பாடசாலையில் நின்றது. கதிரை போதாமல் பலர் மதிலில் ஏறியிருந்தார்கள். ஜுனைதா டீச்சர் பெயரைக் கூப்பிட்டதும், மேடைக்கு ஏறியது ஒரு ஆளில்லை, இரண்டு பேர். ஸில்மியாவும் ஸுஹைறாவும் ஒரே மைக்கைப் பிடித்துக்கொண்டார்கள்.

மாறி மாறிப் பேசினார்கள். காட்டைப் பற்றி, முதற்கிணற்றைப் பற்றி, லொறி வர முதல் மாட்டு வண்டியில் கல் ஏற்றிய காலத்தைப் பற்றி. சுனாமியில் கடல் வந்துபோன பிறகு கரையோர ஊர்களில் எழும்பிய எத்தனையோ வீடுகளுக்குக் கீழே மலையடிச்சேனையின் கல் இருப்பதைச் சொன்னபோது, கல்முனையிலிருந்து வந்தவர்களும் சேர்ந்து கைதட்டினார்கள்.

"இந்த மலையில் முதற்கல்லை உடைத்தவர்கள்" என்று இருவரும் ஒரே மூச்சில் சொல்லி, ஒரே நேரத்தில், மூத்தாப்பாமாரை மாற்றி, ஸில்மியா "முகம்மது தம்பி" என்றும், ஸுஹைறா "மீராமுகைதீன்" என்றும் கத்தினார்கள். எது முதலில் கேட்டது என்று யாருக்கும் விளங்கவில்லை. அது அவர்கள் இரண்டு நாள் ஒத்திகை பார்த்துச் செய்த வேலை.

விழா முடிந்தது. வாப்பாமார் மரத்தடியில் ஒரே பிளாஸ்கில் தேத்தண்ணி குடித்தார்கள்.

"என்ட மகள்தான் நல்லாப் பேசினது" என்றார் முனாப்.

"உனக்குக் காது மந்தமா மச்சான்? பேசினது என்ட மகள்! உன்ட மகள் மைக்கத்தான் பிடிச்சிட்டு நிண்டது."

"என்ன சொன்னாய்?"

புதிய வாசிகசாலையின் ஜன்னலில் இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன.

"வாப்பா! ஸலாம் சொல்லிட்டுச் சண்டை பிடிங்க!"

வாப்பாமார் இருவரும் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்கள். ஒருவருக்கொருவர் முறையாக ஸலாம் சொன்னார்கள். பிறகு விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடங்கினார்கள்.